எல்லை தாண்டிய வணிகத் தகராறுகள்: சமரசமும் நடுவர் தீர்ப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேறு நாட்டில் உள்ள ஒருவரோடு வணிகம் செய்பவர்களில் பலர், தகராறு என்று வந்த பிறகுதான் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறார்கள். விலைக்கும் டெலிவரி தேதிக்கும் நாள்கணக்கில் பேரம் பேசியவர்கள், தகராறு ஷரத்தை மட்டும் பழைய ஒப்பந்தம் ஒன்றிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருப்பார்கள். கீழே உள்ள கேள்விகள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் எழுபவை. அவற்றில் பாதியையாவது கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டிருந்தால் எவ்வளவோ பணமும் உறக்கமும் மிஞ்சியிருக்கும் என்பதாலேயே இந்தப் பக்கம் எழுதப்படுகிறது.

சமரசமும் நடுவர் தீர்ப்பும் ஒன்றுதானா?

இல்லை. ‘மத்தியஸ்தம்’ என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் பயன்படுத்தி வருவதால் இந்தக் குழப்பம் தொடர்கிறது. ஆகவே இந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லைத் தவிர்த்திருக்கிறோம். சமரசத்தில், மூன்றாம் நபரான சமரசர், இரு தரப்பும் தாங்களே ஒரு முடிவுக்கு வர உதவுகிறார். எதையும் திணிக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. பேச்சு ஒத்துவரவில்லை என்றால் எவரும் எழுந்து போகலாம். நடுவர் தீர்ப்பில், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட வழியில் நியமிக்கப்பட்ட ஒரு நடுவரோ மூன்று நடுவர்களோ ஆவணங்களையும் சாட்சிகளையும் ஆராய்ந்து, இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பை வழங்குகிறார்கள். அங்கே ஒருவர் பாதியில் எழுந்து போனாலும் விசாரணை தொடரும், தீர்ப்பும் நிற்கும்.

நீதிமன்றங்கள் இருக்கும்போது இந்த வழிகள் எதற்கு?

முதல் காரணத்தை எல்லோரும் அறிவார்கள்: எதிர்த்தரப்பின் சொந்த நாட்டு நீதிமன்றத்தில், தெரியாத மொழியில், பழகாத நடைமுறையில் வழக்காட எவரும் விரும்புவதில்லை. ஆனால் அதைவிடப் பெரிய காரணம், கிடைத்த தீர்ப்பை வேறு நாட்டில் செயல்படுத்துவது பற்றியது. உங்கள் நாட்டு நீதிமன்றத்தில் நீங்கள் வெல்லலாம். எதிர்த்தரப்பின் வங்கிக் கணக்கும் கிடங்கும் வேறு நாட்டில் இருந்தால், அந்த நாடு உங்கள் நீதிமன்றத் தீர்ப்பை மதிக்க வேண்டும் என்ற கட்டாயம் பல நேரங்களில் இருப்பதில்லை.

நடுவர் தீர்ப்புக்கு அந்தத் தடையை நியூயார்க் உடன்படிக்கை பெருமளவு நீக்கிவிட்டது. 1958 ஜூன் 10 அன்று ஏற்கப்பட்ட அந்த உடன்படிக்கையில் இன்று 170-க்கும் மேற்பட்ட நாடுகள் இணைந்துள்ளன. ஒரு நாட்டில் வழங்கப்பட்ட நடுவர் தீர்ப்பை மற்ற உறுப்பு நாடுகளின் நீதிமன்றங்கள், அதில் குறிப்பிட்டுள்ள சில காரணங்களுக்காக அன்றி, மறுக்கக் கூடாது. நீதிமன்றத் தீர்ப்புகளுக்கும் 2019-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை போன்ற ஏற்பாடுகள் வந்துள்ளன என்றாலும், அவற்றில் சேர்ந்துள்ள நாடுகளின் எண்ணிக்கை இதற்கு அருகில்கூட வரவில்லை.

எங்கள் ஒப்பந்தத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இப்போது முடியாதா?

முடியும், எதிர்த்தரப்பு சம்மதித்தால். தகராறு எழுந்த பிறகும் அதற்கெனத் தனி உடன்பாடு எழுதிக்கொள்ளலாம். ஆனால் சண்டை தொடங்கிய பின், தாமதத்தால் லாபம் அடைபவர் எதற்கும் சம்மதிக்க மாட்டார். சமரசத்துக்காவது அழைத்துப் பாருங்கள். அதற்கு இணங்குவதில் அவருக்கு இழப்பு குறைவு என்பதால் வாய்ப்பு சற்று அதிகம்.

தகராறு ஷரத்தில் கட்டாயம் என்னென்ன இருக்க வேண்டும்?

எந்தெந்தத் தகராறுகள் அடங்கும், எந்த நிறுவனத்தின் எந்த விதிகள், எத்தனை நடுவர்கள், எந்த மொழி, சட்ட இருப்பிடம் (எந்த நாட்டின் நடுவர் சட்டம் விசாரணையை ஆளும் என்பது) எது, ஒப்பந்தத்துக்குப் பொருந்தும் சட்டம் எது ஆகிய ஆறும் தெளிவாக இருக்க வேண்டும். பாரிஸில் 1923-இல் தொடங்கிய, பன்னாட்டு வணிகச் சபையின் (ஐ.சி.சி.) நடுவர் நீதிமன்றம், சிங்கப்பூரின் எஸ்.ஐ.ஏ.சி., ஹாங்காங்கின் எச்.கே.ஐ.ஏ.சி., லண்டனின் எல்.சி.ஐ.ஏ. ஆகிய நடுவர் நிறுவனங்கள் மாதிரி ஷரத்துகளைத் தங்கள் இணையதளங்களில் இலவசமாகவே வைத்துள்ளன. நிறுவனம் எதுவும் வேண்டாம் என்பவர்கள், ஐ.நா.வின் வணிகச் சட்ட ஆணையமான அன்சிட்ரால் 1976-இல் வெளியிட்டு 2010-இல் திருத்திய விதிகளைப் பயன்படுத்தலாம். மாதிரி ஷரத்தில் கோடிட்ட இடங்களை நிரப்பிவிட்டு, மற்ற எதையும் தொடாமல் விடுவதே நல்லது. சொந்தமாகச் சொல்லழகு சேர்க்கப் போய் ஷரத்தையே கெடுத்துக்கொண்டவர்கள் ஏராளம்.

கெட்ட ஷரத்து எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம்: “தகராறுகள் நடுவர் மூலம் தீர்க்கப்படலாம், இல்லையெனில் நீதிமன்றத்தை அணுகலாம்.” இந்த ‘படலாம்’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டே இரண்டு ஆண்டுகள் வாதாட முடியும். நடுவர் தீர்ப்பு கட்டாயமா, விருப்பமா? விருப்பம் என்றால் யாருடைய விருப்பம்? இதைத் தீர்க்கவே ஒரு நீதிமன்றம் வேண்டும். அதாவது எதைத் தவிர்க்க நினைத்தார்களோ அங்கேயே போய் நிற்பார்கள். இல்லாத நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடுவதும், ஒரு நிறுவனத்தின் விதிகளை இன்னொரு நிறுவனம் நிர்வகிக்கும் என்று எழுதுவதும் இதே வகையைச் சேர்ந்தவை.

இன்னொரு பொறி, ‘பொருந்தும் சட்டம்’ பற்றியது. விற்பனை ஒப்பந்தத்துக்கு ஒரு நாட்டுச் சட்டமும், நடுவர் ஷரத்துக்கு வேறொரு நாட்டுச் சட்டமும் பொருந்தக்கூடும். ஷரத்து, ஒப்பந்தத்துக்குள் இருந்தாலும் தனித்து நிற்கும் உடன்பாடாகவே கருதப்படுகிறது. ஒப்பந்தமே செல்லாது என்று ஒருவர் வாதிட்டாலும் அந்த வாதத்தை நடுவர்களே விசாரிக்க முடிவது இந்தத் தனித்தன்மையால்தான். இங்கிலாந்தில் இந்தச் சட்டத் தேர்வு குறித்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போன பிறகு, 2025-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், தரப்பினர் நடுவர் உடன்பாட்டுக்கென வேறு சட்டத்தை வெளிப்படையாகக் குறிப்பிடாவிட்டால், சட்ட இருப்பிடத்தின் சட்டமே பொருந்தும் என்று தீர்த்து வைத்தது. ஷரத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

சட்ட இருப்பிடம் என்பது விசாரணை நடக்கும் ஊர்தானே?

பெரும்பாலும் அப்படி அமையும், ஆனால் இரண்டும் வேறு. வழக்கறிஞர்கள் ‘சீட்’ என்று சொல்லும் இந்த இருப்பிடம், எந்த நாட்டின் நடுவர் சட்டம் விசாரணையை ஆள்கிறது, தீர்ப்பை ரத்து செய்யும் அதிகாரம் எந்த நீதிமன்றத்துக்கு உண்டு என்பதைத் தீர்மானிக்கிறது. இருப்பிடம் சிங்கப்பூர் என்று எழுதிவிட்டு, சாட்சிகளின் வசதிக்காக வேறு ஊரிலோ காணொளி வழியாகவோ அமர்வுகளை நடத்தலாம். தீர்ப்பு சிங்கப்பூர்த் தீர்ப்பாகவே இருக்கும். அன்சிட்ராலின் 1985-ஆம் ஆண்டு மாதிரிச் சட்டத்தைத் தழுவிய, நீதிமன்றங்கள் தேவையின்றித் தலையிடாத நாடாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். விமானக் கட்டணத்தைப் பார்த்து இருப்பிடத்தை முடிவு செய்வது தவறு.

சமரச அறைக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

ஒரு கற்பனை உதாரணத்தைப் பார்ப்போம். பொட்டலம் கட்டும் இயந்திரம் ஒன்றை ஒரு தயாரிப்பாளர் வெளிநாட்டுத் தொழிற்சாலைக்கு விற்கிறார். நிமிடத்துக்கு 120 பொட்டலம் என்பது ஒப்பந்தம். இயந்திரம் 95-ஐத் தாண்டவில்லை. வாங்கியவர் கடைசித் தவணையை நிறுத்தி வைக்கிறார். விற்றவரோ, பொட்டலத் தாளின் தரம்தான் காரணம் என்கிறார். இருவரும் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பிவிட்டார்கள்.

சமரசர் முதலில் இரு தரப்பையும் ஒன்றாக உட்காரவைத்து, ஒவ்வொருவரும் தம் பக்கத்தைத் தம் வாயாலேயே சொல்லச் செய்கிறார். எதிர்த்தரப்பின் நிர்வாகி, வழக்கறிஞரின் சொற்களில் அல்லாமல் நேரடியாகப் பேசுவதைக் கேட்பதே சிலருக்கு அதுதான் முதல் முறையாக இருக்கும். பிறகு தனித்தனி அறைகள். அங்கே வாங்கியவர், மற்றவர் முன் சொல்லாத ஒன்றைச் சொல்கிறார்: அடுத்த பருவத்துக்கு அவருக்கு இரண்டாவது இயந்திரமும் தேவை, வேறு விற்பனையாளரிடம் போனால் எட்டு மாதம் காத்திருக்க வேண்டும். விற்றவரோ தம் அறையில், வேகம் குறையக் காரணமான உதிரிப் பாகத்தின் புதிய வடிவம் தயாராக இருப்பதாகவும், அதை இலவசமாகக் கொடுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடும் என்று அஞ்சுவதாகவும் சொல்கிறார். சமரசர் ஒருவர் சொன்னதை அவர் அனுமதியின்றி மற்றவரிடம் சொல்ல மாட்டார். ஆனால் இரண்டு அறைகளிலும் கேட்டவருக்கு, எந்தக் கேள்வியை எங்கே கேட்க வேண்டும் என்று தெரியும். மாலையில் கையெழுத்தாகும் உடன்பாட்டில், யார் மீதும் குற்றம் சுமத்தாமல் புதிய பாகம் பொருத்தப்படுகிறது, தவணை விடுவிக்கப்படுகிறது, இரண்டாவது இயந்திரத்துக்கு விலைக்குறைப்போடு ஆர்டர் கிடைக்கிறது.

எந்த நடுவரும், எந்த நீதிபதியும் இப்படியொரு முடிவைத் தந்திருக்க முடியாது. அவர்களால் ‘இவ்வளவு தொகை தர வேண்டும்’ அல்லது ‘தர வேண்டியதில்லை’ என்றுதான் சொல்ல இயலும். இல்லாத இரண்டாவது ஆர்டரை உருவாக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. தொடர்ந்து வணிகம் செய்ய விரும்பும் இருவருக்குச் சமரசமே முதல் வழியாக இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான். ஏமாற்றும் நோக்கத்தோடு தொடங்கியவரிடமும், சொத்துகளை வேகமாக வெளியே மாற்றிக்கொண்டிருப்பவரிடமும் மட்டும் சமரசத்துக்கு நாள் கடத்தாதீர்கள்.

சமரசத்தில் மனம்விட்டுப் பேசியது பின்னால் எனக்கு எதிராகத் திரும்புமா?

அன்சிட்ராலின் சமரச மாதிரிச் சட்டமும் முக்கிய நிறுவனங்களின் விதிகளும், சமரசத்தின்போது வைத்த யோசனைகளையும் ஒப்புக்கொண்டவற்றையும் பிந்தைய விசாரணையில் சான்றாகக் காட்டத் தடை விதிக்கின்றன. ஆனால் ஏற்கெனவே இருந்த ஓர் ஆவணம், சமரச அறையில் காட்டப்பட்டதாலேயே மறைபொருள் ஆகிவிடாது. தொடங்கும் முன் இரகசியக் காப்பு உடன்பாட்டில் இரு தரப்பும் கையெழுத்திடுவது நல்லது.

சமரச உடன்பாட்டை எதிர்த்தரப்பு பின்னர் மீறினால் என்ன செய்வது?

நீண்ட காலம் இதுதான் சமரசத்தின் பலவீனமாக இருந்தது. உடன்பாடு என்பது இன்னொரு ஒப்பந்தம் மட்டுமே; அது மீறப்பட்டால் மறுபடியும் முதலிலிருந்து வழக்குத் தொடுக்க வேண்டும். அதை மாற்றவே சிங்கப்பூர் சமரச உடன்படிக்கை உருவானது. ஐ.நா. பொதுச் சபை 2018 டிசம்பரில் ஏற்ற அதில், கையெழுத்துக்குத் திறந்த 2019 ஆகஸ்ட் 7 அன்றே 46 நாடுகள் கையெழுத்திட்டன. 2020 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. சேர்ந்த நாடுகளில், சமரசத்தால் விளைந்த பன்னாட்டு வணிக உடன்பாட்டை நீதிமன்றத்தில் நேரடியாகவே செயல்படுத்தக் கோரலாம். உடன்பாடு எழுத்தில், தரப்பினரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். அது சமரசத்தின் வழியே வந்தது என்பதற்குச் சமரசரின் கையெழுத்து போன்ற சான்றும் வேண்டும். நுகர்வோர், குடும்பம், வேலைவாய்ப்பு சார்ந்த உடன்பாடுகளுக்கு இது பொருந்தாது.

கையெழுத்திடுவதும் உறுதிசெய்து உறுப்பினராவதும் வெவ்வேறு என்பதை மறக்க வேண்டாம். கையெழுத்திட்ட நாடுகள் பல, உறுதிசெய்த நாடுகள் அவற்றைவிடக் குறைவு. ஆகவே எதிர்த்தரப்பின் சொத்து உள்ள நாடு உறுப்பினரா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வேறு வழி உண்டு: நடுவர் விசாரணையைத் தொடங்கி, அதை நிறுத்திவைத்துச் சமரசம் பேசி, எட்டிய உடன்பாட்டை நடுவர் தீர்ப்பாகவே பதிவு செய்துகொள்ளலாம். அப்போது நியூயார்க் உடன்படிக்கையின் பலம் அதற்குக் கிடைக்கும். சிங்கப்பூரில் 2014 முதல் இதற்கெனத் தனி நடைமுறையே இருக்கிறது.

எதிர்த்தரப்பு நியமிக்கும் நடுவர் அவர்கள் பக்கம்தானே பேசுவார்?

மூன்று நடுவர்கள் என்றால் வழக்கமாக ஆளுக்கு ஒருவரை நியமிப்பார்கள். தலைமை நடுவரை அந்த இருவரோ நிறுவனமோ தேர்ந்தெடுப்பார்கள். யார் நியமித்தாலும் மூவரும் சார்பற்றவர்களாக இருக்க வேண்டும். தரப்பினரோடோ வழக்கறிஞர்களோடோ உள்ள தொடர்புகளைத் தாமாகவே வெளிப்படுத்த வேண்டும். மறைத்தது தெரிந்தால் அவரை நீக்கக் கோரலாம், தீர்ப்பே ரத்தாகவும் கூடும். தானியம், எண்ணெய் வித்து போன்ற சரக்குகளில் வேறொரு மரபு உண்டு. லண்டனில் உள்ள காஃப்டா, ஃபாஸ்ஃபா ஆகிய வணிகச் சங்கங்களின் நடுவர்கள் பெரும்பாலும் அதே வணிகத்தில் ஊறியவர்கள். தரத் தகராறுகளில் மாதிரிச் சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்தும் முகர்ந்தும் முடிவு சொல்லும் பழக்கம் அந்த மரபில் வளர்ந்தது. அங்கே கோரிக்கை எழுப்பும் கெடு மிகக் குறுகியது. தரம் பற்றிய புகாரைச் சில வாரங்களுக்குள் எழுப்பாமல் உரிமையையே இழப்பவர்கள் உண்டு என்பதால், சரக்கு இறங்கிய அன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

செலவும் காலமும் எவ்வளவு ஆகும்?

சமரசம் பெரும்பாலும் ஓரிரு நாள் அமர்வில் முடியும். முன் தயாரிப்புக்குச் சில வாரங்கள். நடுவர் விசாரணை மலிவானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஐ.சி.சி. 2007-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மொத்தச் செலவில் 82 விழுக்காடு தரப்பினர் தங்கள் வழக்கறிஞர்கள், வல்லுநர்கள், சாட்சிகளுக்குச் செய்தது. நடுவர்களின் கட்டணமும் நிறுவனக் கட்டணமும் மீதிதான். அதாவது, செலவைக் குறைக்கும் வழி பெரும்பாலும் உங்கள் கையிலேயே இருக்கிறது. சிறிய தொகைகளுக்கு விரைவு நடைமுறையைப் பாருங்கள்: 2021 ஜனவரி 1 முதல் செய்துகொண்ட உடன்பாடுகளில், 30 லட்சம் அமெரிக்க டாலர் வரையிலான தகராறுகளுக்கு ஐ.சி.சி.யின் விரைவு விதிகள் தாமாகவே பொருந்தும். வழக்கமாக ஒரே நடுவர், முதல் நிர்வாகக் கூட்டத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பு என்பது இலக்கு.

சரக்கு துறைமுகத்தில் கெட்டுக்கொண்டிருக்கிறது. நடுவர்கள் அமரும் வரை காத்திருக்க முடியுமா?

காத்திருக்க வேண்டியதில்லை. எஸ்.ஐ.ஏ.சி. 2010 முதலும் ஐ.சி.சி. 2012 முதலும் அவசர நடுவரை நியமிக்கும் வசதியைத் தருகின்றன. ஆனால் அவரால் ஒப்பந்தத்தில் இல்லாத வங்கிக்கோ கப்பல் நிறுவனத்துக்கோ உத்தரவிட முடியாது. அதற்கு நீதிமன்றமே வழி. மாதிரிச் சட்டத்தின்படி, இடைக்கால உத்தரவு கேட்டு நீதிமன்றம் போவது நடுவர் உடன்பாட்டை மீறியதாகாது.

தீர்ப்பு தவறு என்று தோன்றுகிறது. மேல்முறையீடு உண்டா?

பொதுவாக இல்லை. காஃப்டா போன்ற சில அமைப்புகள் உள் மேல்முறையீட்டை அனுமதிக்கின்றன. இங்கிலாந்தில் சட்டக் கேள்விகளுக்கு ஒரு குறுகிய வாசல் உண்டு. மற்றபடி, மாதிரிச் சட்டத்தைத் தழுவிய நாடுகளில், தீர்ப்பு கிடைத்த மூன்று மாதங்களுக்குள் இருப்பிட நாட்டு நீதிமன்றத்தில் ரத்து கோரலாம். அதற்கும் முறையான அறிவிப்பு இல்லாமை, அதிகார வரம்பு மீறல், பொதுக் கொள்கைக்கு முரண் போன்ற காரணங்கள் வேண்டும். நடுவர் உண்மைகளைத் தவறாக எடைபோட்டார் என்பது போதாது.

ரத்தான தீர்ப்புகூட முழுதாகச் செத்துவிடாது என்பதற்கு ஒரு மிளகுச் சரக்கு சாட்சி. இந்தோனேசியாவின் புத்ரபாலி நிறுவனம் விற்ற வெண்மிளகு, கப்பல் மூழ்கியதில் கடலில் போனது. வாங்கிய ரேனா நிறுவனம் பணம் தர மறுத்தது. லண்டனில் நடந்த நடுவர் விசாரணையில் 2001-இல் ரேனாவுக்குச் சாதகமான தீர்ப்பு வந்தது. இங்கிலாந்து நீதிமன்றம் அதன் ஒரு பகுதியை ரத்து செய்ய, 2003-இல் அதே நடுவர்கள் புத்ரபாலிக்குச் சாதகமாகப் புதிய தீர்ப்பு அளித்தார்கள். இதற்கிடையே ரேனா முதல் தீர்ப்பைப் பிரான்சுக்குக் கொண்டுபோனது. பன்னாட்டு நடுவர் தீர்ப்பு எந்த ஒரு நாட்டின் சட்ட அமைப்போடும் பிணைக்கப்பட்டதல்ல என்று கூறி, பிரெஞ்சு உச்ச நீதிமன்றம் 2007 ஜூன் 29 அன்று ரத்தான முதல் தீர்ப்பையே அங்கீகரித்தது. பல நாடுகள் பிரான்ஸின் இந்தப் போக்கை ஏற்பதில்லை. விற்றவரின் நிலையை எண்ணிப் பார்த்தால் எனக்கும் இது நெருடலாகவே இருக்கிறது.

நாடுகளுக்கிடையிலான வர்த்தகத் தகராறுகளும் இப்படித்தான் தீர்க்கப்படுகின்றனவா?

அவை பெரும்பாலும் உலக வர்த்தக அமைப்பின் வழியே போகின்றன. முதலில் 60 நாள் கலந்தாலோசனை, பிறகு விசாரணைக் குழு, அதன் பின் மேல்முறையீடு என்பது அமைப்பு. மேல்முறையீட்டு அமைப்பில் ஏழு இடங்கள். ஒரு வழக்கைக் கேட்க மூவர் வேண்டும். புதிய நியமனங்களை அமெரிக்கா தடுத்து வந்ததால் 2019 டிசம்பரில் அது செயலிழந்தது. தோற்ற நாடு, இயங்காத அமைப்பில் மேல்முறையீடு செய்து வழக்கைக் கிடப்பில் போட்டுவிட முடியும் என்ற நிலை உருவானது.

அந்த இடைவெளியை நிரப்ப முன்வந்தது நடுவர் தீர்ப்புதான். தகராறு தீர்வு விதிகளின் 25-ஆம் பிரிவு அதற்கு இடம் தருவதால், ஐரோப்பிய ஒன்றியமும் வேறு பல உறுப்பினர்களும் 2020-இல் இடைக்கால மேல்முறையீட்டு நடுவர் ஏற்பாட்டை உருவாக்கின. அதன் கீழ் முதல் தீர்ப்பு, கொலம்பியா உறையவைத்த உருளைக்கிழங்கு வறுவல்மீது விதித்த பொருள்குவிப்பு எதிர்ப்பு வரி (மிகக் குறைந்த விலையில் வரும் இறக்குமதிக்கு எதிரான வரி) பற்றியது; 2022 டிசம்பரில் வந்தது. சமரசத்துக்கும் ஓர் அழகான முன்னுதாரணம் உண்டு. டப்பாவில் அடைத்த சூரை மீனுக்கு ஐரோப்பா விதித்த 24 விழுக்காடு வரி தங்களைப் பாதிப்பதாகத் தாய்லாந்தும் பிலிப்பைன்ஸும் முறையிட, மூன்று தரப்பும் சேர்ந்து 2002-இல் சமரசரைக் கேட்டன. ஆண்டுக்கு 25,000 டன் வரை 12 விழுக்காடு வரி என்று அவர் சொன்ன யோசனையை, கட்டாயம் ஏதுமின்றியே ஐரோப்பா நடைமுறைப்படுத்தியது.

தீர்ப்பு கையில் இருக்கிறது, பணம் வரவில்லை. அடுத்து என்ன?

எதிர்த்தரப்பின் சொத்து எந்த நாட்டில் இருக்கிறதோ அங்குள்ள நீதிமன்றத்தில் அங்கீகாரம் கோருங்கள். நியூயார்க் உடன்படிக்கை கேட்பவை இரண்டே: தீர்ப்பின் அசலோ சான்றளித்த பிரதியோ, நடுவர் உடன்பாட்டின் அசலோ சான்றளித்த பிரதியோ. அந்த நாட்டு மொழியில் அவை இல்லையென்றால், அதிகாரப்பூர்வமான அல்லது உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரோ தூதரக அதிகாரியோ சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும். விண்ணப்பிக்கும் கெடு நாட்டுக்கு நாடு மாறுபடும். அதை முதல் வாரத்திலேயே உள்ளூர் வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். தீர்ப்பு வந்த அன்றே, தேவைக்கு மேல் இரண்டு மூன்று சான்றளித்த பிரதிகளைக் கேட்டு வாங்கி வையுங்கள். சொத்து இரண்டு நாடுகளில் இருந்தால், ஒரே வாரத்தில் இரண்டு நீதிமன்றங்களில் அவற்றைத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.